முன்வரிசையில் இடமில்லை

வயர் வாசலில் கிடந்தது. கிணற்றுக் கயிறு போல ஒழுங்காகச் சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சும் போட்டு வைத்திருந்தார்கள். முடிச்சில் ஒரு தாள் செருகியிருந்தது.

‘சுற்றறிக்கை எண் 43. ஜன்னல் வழியாக வயர் தொங்கவிடுவது தடை செய்யப்படுகிறது. மீறினால் அகற்றப்படும். அகற்றப்பட்டது.’

“கடைசி வார்த்தையைப் பாருடி,” என்றாள் அக்கா. “செஞ்சு முடிச்சுட்டு நோட்டீஸ் விடுறான் மனுஷன்.”

இளையவள் இரண்டு முறை படித்தாள். கோபம் வந்தால் எதையும் இரண்டு முறை படிப்பது அவள் வழக்கம். மூன்றாம் முறை படித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அக்கா பேட்டரி டாக்ஸி ஓட்டுகிறாள். முதல் மாடி, பின்வரிசை வீடு. சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே வண்டி நிறுத்துமிடம். எட்டு மாதமாக, வேலை முடிந்து வந்ததும் சமையலறை ப்ளக்கிலிருந்து வயரைக் கீழே இறக்கி வண்டியில் மாட்டிவிட்டுத்தான் கைகால் கழுவுவாள். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரைக்குள், மூன்று நோயாளிகளை அவரவர் வீட்டில் ஏற்றி மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவின் வாசலில் இறக்க வேண்டும். அது ஒப்பந்தம். முந்தின நாள் மாலை நடைப்பயிற்சிக்குப் போன குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி வயரை உருவியது யாருக்கும் தெரியாது. விடிந்து பார்த்தால் வண்டியில் பதினொரு சதவீதம். பொதுச் சார்ஜிங் நிலையத்துக்கு உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போனால், அங்கே முன்னால் ஒன்பது வண்டி.

நோயாளிகள் கிடைத்த வண்டியில் போனார்கள். அதில் ஒருவர், எப்போதும் முன் இருக்கையில் உட்கார்ந்து தெரிந்த வழிக்கே வழி சொல்லிக்கொண்டு வருகிற பெரியவர், நாற்பது நிமிடம் தெருவில் நின்றிருக்கிறார்.

மருத்துவமனையின் மேலாளர் அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. “அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிக்குள்ள உன் வண்டிக்கு நிரந்தரமா சார்ஜ் போட இடம் இருக்குன்னு காட்டும்மா. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும். தப்பா நினைச்சுக்காதே,” என்றிருக்கிறார்.

ஒன்றாம் தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

இளையவளுக்கு எது பொறுக்கவில்லை என்றால், செக்ரட்டரி சொன்னது சரி. அவள் மின்பொறியியல் படித்தவள். அந்த வீட்டில் பட்டம் என்ற காகிதத்தை முதன்முதலில் கையால் தொட்டவள். மின்பலகை செய்கிற தொழிற்சாலையில் வேலை. மழை பெய்தால் அந்த வயர் எமன் என்று அவளே அக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் முறையான இணைப்புக் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். மூன்றுக்கும் ஒரே பதில்: ‘பரிசீலனையில் உள்ளது.’ பரிசீலனை என்பது எந்த மாடியில் இருக்கிறது, எந்த லிஃப்டில் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நான் பன்னண்டாவதோட நிறுத்தினது எதுக்கு?” என்றாள் அக்கா, வயரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியபடி. “நீ வாயைத் திறக்கணும்னுதான். போ. போய்த் திற.”

*

அந்தக் கட்டிடம் ஆறு மாடி. மாடிக்கு மூன்று வீடு: சாலையைப் பார்த்த முன்வரிசை, நடுவரிசை, குப்பைத்தொட்டியைப் பார்த்த பின்வரிசை. கட்டிடத்துக்கு வெளியிலிருந்து மூன்று மின்லைன்கள் வருகின்றன. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். வீடுகளை மூன்றிலும் கலந்து பிரித்துக் கொடுப்பதுதான் முறை. வயரிங் செய்த மகராசன் யாரோ, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியவனாக இருந்திருக்கிறான். முன்வரிசை முழுக்கச் சிவப்பு, நடுவரிசை முழுக்க மஞ்சள், பின்வரிசை முழுக்க நீலம் என்று கோடு கிழித்தாற்போலக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஃபியூஸ் போனால் ஒரு வரிசைதான் இருளும். மற்ற இரண்டும் எரியும். உடனே செக்ரட்டரி மூன்றாம் மாடி முன்வரிசை பால்கனியில் வந்து நின்று, “யார் லைன் போச்சு?” என்று கேட்பார். பத்து வருடமாகக் கேட்கிறார். கேட்கிற வாய்க்குத் தெரிந்தது, யோசிக்கிற மூளைக்குத் தெரியவில்லை. அதுதான் இந்தக் கதை.

செக்ரட்டரிக்குக் கட்டிடத்தில் இன்னொரு பெயர் உண்டு: சர்க்குலர். துணி காயப்போட ஒன்று, பந்து விளையாட ஒன்று, லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவ ஒன்று என்று மூன்று வருடத்தில் நாற்பத்து மூன்று எழுதியிருக்கிறார். எல்லாம் கையெழுத்து, எல்லாம் நீல மை, எல்லாவற்றிலும் ‘பொருள்’ என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு. அன்று கோபத்தில் நாற்பத்து மூன்றுக்கு மட்டும் ‘பொருள்’ போட மறந்துவிட்டார். அதற்காக அவர் வருந்தியிருப்பார்.

இளையவள் மணியடித்தாள். கதவு சங்கிலியின் நீளத்துக்குத் திறந்தது. உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. உள்ளே பழுப்பு நிறத்தில் பெரிய சோபா தெரிந்தது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

“கட்டிடத்துல மொத்தமே நாலு சார்ஜருக்குத்தாம்மா இடம்,” என்றார் செக்ரட்டரி இடைவெளி வழியாக. “நாலு விண்ணப்பம் வந்தாச்சு. இனிமே உங்க அக்கா குடுத்தா அது அஞ்சு.”

“அந்த நாலு பேர் யாரு சார்?”

“இதுல ஒளிக்க என்ன இருக்கு? நான், தலைவர், பொருளாளர், துணைச் செயலாளர்.”

நான்கு பேரும் முன்வரிசை. நிர்வாகக் குழுவே அவ்வளவுதான்.

“உங்ககிட்ட பேட்டரி வண்டி இருக்கா சார்?”

“வரப்போகுது.”

“மத்த மூணு பேருக்கு?”

“யோசிச்சுட்டு இருக்காங்க.”

“எங்க அக்கா வண்டி வந்து எட்டு மாசம் ஆச்சு. மூணு தடவை எழுதிக் குடுத்தோம்.”

“அது கடிதம். இது விண்ணப்பம். படிவத்துல வந்தாத்தான் வரிசை எண் போட முடியும்.”

“படிவம் எப்ப வந்துச்சு?”

“நேத்து.”

“சரி, நாலுக்குத்தான் இடம்னு யார் அளந்தாங்க?”

செக்ரட்டரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “எல்லாத்தையும் அளக்கணுமா? அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல?” என்றவர், கதவைச் சாத்துவதற்கு முன் ஒன்று சேர்த்துக்கொண்டார்: “நல்லாப் படிச்ச பொண்ணு. இதெல்லாம் எதுக்கு உனக்கு?”

இளையவள் படியிறங்கும்போது சுற்றறிக்கையை மூன்றாம் முறை படித்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தில், தூணுக்குத் தூண் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்தது. இளையவள் எழுந்து, அளக்காமல் நாலு என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டாள். செக்ரட்டரி அனுபவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நடுவரிசை டீச்சர், கணக்குப் பாடம் நடத்துகிறவர், ஆறாவது விண்ணப்பத்துக்குச் சொந்தக்காரர், “என் பிள்ளைங்க பரீட்சையில வழிமுறை எழுதாம விடை மட்டும் எழுதினா நான் முட்டை போடுவேன் சார்,” என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்தபின் அளப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே எல்லோரும் திரும்பக் கூடினார்கள். அளக்க வந்தவர் ஒல்லியான மனிதர். தோளில் ஒரு பை, கையில் ஒரு கருப்புப் பெட்டி. ஒரு வார்த்தைக்கு ஒரு பல் கொடுத்துவிட வேண்டும் என்பது போலப் பேசினார்.

“மூணு லைன் வருது. மூணுலயும் தனித்தனியா மாட்டுவேன். ஏழு நாள் ஓடும். ஒவ்வொரு லைன்லயும் உச்சத்துல எவ்வளவு இழுக்குதுன்னு பெட்டி ஞாபகம் வெச்சுக்கும். மிச்சம் இருக்கிற லைன்ல குடுக்கலாம். இல்லாத லைன்ல குடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

செக்ரட்டரி இதில் ஒன்றையும் கேட்கவில்லை. சுற்றறிக்கை எண் 44-க்கு ‘பொருள்’ எழுதிக்கொண்டிருந்தார்.

“சார்,” என்றாள் இளையவள், முடிந்தவரை பணிவாக. “பெட்டி என்ன சொன்னாலும் எல்லாரும் கட்டுப்படணும்னு எழுதிடுங்க. நாளைக்கு எங்க பின்வரிசை ஆளுங்க யாராவது தகராறு பண்ணினா?”

இது அவருக்குப் பிடித்திருந்தது. தலையாட்டினார்.

“நிர்வாகக் குழு உட்படன்னு போட்டீங்கன்னா இன்னும் கம்பீரமா இருக்கும்.”

அதுவும் பிடித்திருந்தது. எழுதினார், எழுந்து நின்று வாசித்தார்: “எந்த லைனில் இடமில்லை என்று கருவி காட்டுகிறதோ, அந்த லைனில் எவருக்கும் இணைப்பு வழங்கப்படாது. நிர்வாகக் குழுவினர் உட்பட. சிபாரிசு ஏற்கப்படாது.” கைதட்டினார்கள். அவர் லேசாகக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

அந்த நிமிடத்தில் இளையவளிடம் திட்டம் ஒன்றும் இல்லை. ஓட்டை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போனாள், அவ்வளவே. எலி எந்தப் பக்கம் ஓடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

*

இரண்டாம் நாள் மாலை ஆறே முக்கால். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் செக்ரட்டரியின் மனைவி. கம்பளிச் சால்வையைக் காதோடு சுற்றியிருந்தார். வெளியே வியர்த்துக் கொட்டுகிற வெயில் காலம்.

“ஆன்ட்டி, காய்ச்சலா?”

“காய்ச்சல் வந்தாக்கூடக் கதகதப்பா இருக்குமேடி. உள்ள வரலாமா? பத்து நிமிஷம் கை காலைச் சூடு பண்ணிக்கிட்டுப் போயிடறேன்.”

அக்கா டீ போட்டாள். ஆன்ட்டி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மூணு ரூம்லயும் ஏசி. பதினாறுல. ரெண்டு பாத்ரூம்லயும் ஹீட்டர் ஓடுது, குளிக்க ஆளில்ல. பக்கெட் பக்கெட்டா வெந்நீரைக் கீழே ஊத்தறார். ஓவன்ல ஒண்ணுமே இல்ல, சும்மா சூடாயிட்டிருக்கு. வாஷிங் மெஷின்ல ஒத்தைத் துண்டு. கேட்டா, ‘உனக்கு இதெல்லாம் புரியாது, ஏழு நாள் பொறுத்துக்கோ’ங்கறார்.”

“உங்க வீட்ல மட்டுமா ஆன்ட்டி?”

“தலைவர் வீட்ல, பொருளாளர் வீட்ல, துணைச் செயலாளர் வீட்ல, எல்லாம் அப்படித்தான். அட்டவணை போட்டுக் குடுத்திருக்கார். ஆறுல இருந்து எட்டு வரைக்கும். பொருளாளர் சம்சாரம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அழறா.” ஒரு வாய் டீ குடித்தார். “கட்டிடத்துல நிறைய இடம் இருக்குன்னு பெட்டி சொல்லிடுச்சுன்னா ஆளாளுக்கு சார்ஜர் கேட்பாங்களாம். பெட்டியை ரொப்பிக் காட்டிட்டா நாலுதான்னு முடிச்சுடலாமாம். மொத நாலு நம்பர் நம்ம கையில இருக்கில்லன்னு சொல்லிச் சிரிக்கறார். இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதே.”

ஆன்ட்டி போன பிறகு அக்கா செருப்பை மாட்டினாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“அளக்கறவருக்குப் போன் போடு. நான் நேர்ல போய்ச் சொல்றேன். அயோக்கியத்தனம் பண்றானுங்க, நம்ம வயித்துல மண்ணள்ளிப் போடறானுங்க, நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறே.”

இளையவள் நிஜமாகவே பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் விக்கலாக மாறியது. அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“அக்கா, உட்காரு. சொல்றேன். நம்ம கட்டிடத்துக்கு மூணு குழாய் வருதுன்னு வெச்சுக்கோ. முன்வரிசைக்கு ஒண்ணு, நடுவுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. முன்வரிசைக்காரங்க அவங்க குழாயை முழுசாத் திறந்துவிட்டு ராவும் பகலும் கொட்டினா, நம்ம குழாய்ல தண்ணி குறையுமா?”

அக்கா யோசித்தாள். “குறையாது.”

“பெட்டி மூணுக்கும் தனித்தனியா எழுதுது.”

அக்கா இன்னும் யோசித்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். “அப்ப அந்தாள் ரொப்பறது—”

“அவர் பானையை.”

“அது அந்தாளுக்குத் தெரியாதா? யார் லைன் போச்சு, யார் லைன் போச்சுன்னு பத்து வருஷமாக் கத்தறானே.”

“அது கரண்ட் போனா வர்ற ஞாபகம். இப்பதான் கரண்ட் இருக்கே.”

அக்காவின் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள். “இது தப்பில்லையாடி?”

“அவர் வீட்டு ஏசி, அவர் விரல். நான் எதைத் தொட்டேன்?”

“சொல்லாம இருக்கறது?”

“மூணு கடிதத்துக்கு அவர் என்ன சொன்னார்? பரிசீலனையில உள்ளதுன்னுதானே? நானும் பரிசீலிச்சுக்கிட்டு இருக்கேன்.”

*

நான்காம் நாள் லிஃப்டில் செக்ரட்டரியும் அவளும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்.

“அந்தப் பெட்டி... உனக்கெல்லாம் பார்த்தாப் புரியுமே. எப்படி இருக்காம்?”

“நான் சொல்லக்கூடாது சார்.”

“சும்மா, பொதுவா.”

“பொதுவாப் பார்த்தா, கட்டிடத்துல நிறைய இடம் இருக்கும்போலத்தான் தோணுது.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மஞ்சளும் நீலமும் பாதிகூட நிரம்பவில்லை. செக்ரட்டரியின் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாம் மாடியில் இறங்க வேண்டியவர் நேராக ஐந்தாம் மாடிக்குப் போய்த் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அன்று மாலையிலிருந்து அட்டவணையில் இஸ்திரிப்பெட்டி சேர்ந்தது. வீட்டுக்கு இரண்டு. பொருளாளர் தன் அலுவலகத்திலிருந்து அறையைச் சூடாக்கும் கருவி ஒன்றை எடுத்துவந்து, ஏசி ஓடுகிற அதே அறையில் வைத்தார். அறை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்ததாக ஆன்ட்டி வந்து சொன்னார். ஆன்ட்டி இப்போது தினமும் ஆறே முக்காலுக்கு வந்துகொண்டிருந்தார். அக்கா அவருக்கென்று ஒரு கோப்பையே ஒதுக்கிவிட்டாள்.

ஆறாம் நாள், மணி ஏழு பத்து. தரைத்தளத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். முன்வரிசை ஆறு மாடியும் ஒரே நொடியில் இருண்டது. வெளிப்புறச் சுவரில் பத்துப் பன்னிரண்டு ஏசி இயந்திரங்கள் பெருமூச்சு விட்டு அடங்கின.

செக்ரட்டரி பால்கனிக்கு வந்தார். பழக்க தோஷம், கேள்வி தானாக வந்துவிட்டது.

“யார் லைன் போச்சு?”

இளையவள் அப்போது கீழே, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள். பின்னால் நடுவரிசையும் பின்வரிசையும் கல்யாண வீடு போல எரிந்துகொண்டிருந்தன.

“உங்க லைன்தான் சார்,” என்றாள்.

“எங்க லைன்னா?”

“முன்வரிசை லைன். உங்களுக்குன்னு தனியா வர்றது.”

இருட்டில் முகம் தெரியவில்லை. ஆனால் கைப்பிடிக் கம்பியை அவர் இறுகப் பிடித்தது தெரிந்தது. பிறகு, “மூணுலயும் தனித்தனியா,” என்று அளக்க வந்தவர் சொன்னதை, ஆறு நாள் தாமதமாகக் காதில் வாங்கியவர் போல, மெல்ல முணுமுணுத்தார். பால்கனிக் கதவு சாத்தப்பட்டது. திரும்பத் திறந்தது. திரும்பச் சாத்தப்பட்டது.

ஃபியூஸை அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஏழாம் நாள் குழுவினர் வீடுகளில் ஒரு பல்புகூட எரியவில்லை. நான்கு வீட்டிலும் விசிறி மட்டை. தலைவர் கட்டிட வாசலில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். துணைச் செயலாளர் நான்கு மாடியும் படியேறிப் போனார். லிஃப்ட் எந்த லைனில் ஓடுகிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாததால், எதற்கு வம்பு என்று. ஆன்ட்டி ஆறே முக்காலுக்கு வந்தார். இந்தத் தடவை சால்வை இல்லை, நனைந்த கைக்குட்டை.

“அறுபத்தி நாலு வயசுல எனக்கு ஒரே வாரத்துல ரெண்டு பருவகாலம்,” என்றார். “ஏண்டி, இன்னிக்குக் குறைச்சாப் பெட்டி மறந்துடுமா?”

“பெட்டி உச்சத்தைத்தான் ஞாபகம் வெச்சுக்கும் ஆன்ட்டி.”

“என்னை மாதிரியே,” என்றார் ஆன்ட்டி, இன்னொரு டீ கேட்டார்.

*

மறு ஞாயிறு, அதே நாற்காலிகள். அளக்க வந்தவர் பெட்டியின் தாளை விரித்தார்.

“ஒவ்வொரு லைனும் இருநூறு ஆம்பியர் தாங்கும். பாதுகாப்புக்காக நூத்தறுபது வரைக்கும் போகலாம். ஒரு சார்ஜருக்குப் பதினாறு. நீலம், பின்வரிசை: உச்சம் எண்பது. அஞ்சு சார்ஜர் குடுக்கலாம். மஞ்சள், நடுவரிசை: தொண்ணூத்தி அஞ்சு. நாலு குடுக்கலாம்.” நிறுத்தினார். இந்தத் தொழிலில் முதல் தடவையாக அவருக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை தேவைப்பட்டது போலத் தெரிந்தது. “சிவப்பு, முன்வரிசை: இருநூத்தி முப்பது. இடமில்லை. இருக்கிறதே ஜாஸ்தி.”

கூட்டத்தில் எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது.

“ஒரு சந்தேகம்,” என்றார் அளந்தவர். “முன்வரிசையில ஏதாவது பேக்டரி நடக்குதா? தினமும் கரெக்டா ஆறு மணிக்கு ஒண்ணா ஏறுது. எட்டு மணிக்கு ஒண்ணா இறங்குது. சங்கு ஊதற மாதிரி. ஏழாம் நாள் மட்டும் லீவு.”

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். கோடு மலை மலையாக ஏறி இறங்கியிருந்தது. “அழகா இருக்கு,” என்றார்.

பொருளாளர் செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி தூணைப் பார்த்தார். திரும்ப அளக்கலாமே என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “இந்த வாரம் கொஞ்சம்... வழக்கத்துக்கு மாறா...”

“வழக்கத்துக்கு மாறா என்ன சார் நடந்துச்சு?” என்றாள் இளையவள்.

அவள் பணிவாகவே கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பதினெட்டு வீடும் காத்திருந்தது. அவர் முன்னால் இரண்டு கதவுகள்தான் இருந்தன. ஒன்று, ஏமாற்றினோம் என்று சொல்லித் திரும்ப அளக்கக் கேட்பது. மற்றது, வாயை மூடிக்கொள்வது. ஆன்ட்டி பின்னாலிருந்து அவர் சட்டையை லேசாக இழுத்தார். சொல்லித் தொலையுங்கள் என்பது போல.

“ஒண்ணும் இல்ல,” என்றார் செக்ரட்டரி. “விருந்தாளிங்க.”

“நாலு வீட்லயுமா?”

“எல்லாருக்கும் சொந்தக்காரங்கன்னு இருப்பாங்கம்மா.”

“அப்ப சரி சார்.” இளையவள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். “சுற்றறிக்கை எண் 44. உங்க கையெழுத்து. நீங்களே வாசிச்சாத்தான் நல்லா இருக்கும்.”

அவர் வாசித்தார். ‘நிர்வாகக் குழுவினர் உட்பட’ என்ற இடத்தில் குரல் கம்மியது. இந்தத் தடவையும் கைதட்டினார்கள். போன தடவையைவிட அதிகமாக.

ஐந்தாம் எண் விண்ணப்பம் முதல் எண் ஆயிற்று.

இருபத்தெட்டாம் தேதி, அக்காவின் நிறுத்துமிடத் தூணில் ஒரு வெள்ளைப் பெட்டி ஏறியது. சுவரோடு ஒட்டிய குழாய்க்குள் வயர், தனி மீட்டர், தரையோடு இணைப்பு, கசிவு வந்தால் நொடியில் துண்டிக்கிற கருவி. இளையவள் தன் கையாலேயே ஒவ்வொரு திருகையும் இறுக்கிப் பார்த்தாள். அக்கா அதைப் படம் எடுத்து மேலாளர் அம்மாவுக்கு அனுப்பினாள். ‘சரி’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அக்கா அதை நாலு தடவை படித்தாள். ஒன்றாம் தேதி காலை ஐந்தரைக்கு நூறு சதவீதத்தோடு வண்டி கிளம்பியது. முன் இருக்கைப் பெரியவர் அன்றும் தெரிந்த வழிக்கே வழி சொன்னாராம்.

*

செக்ரட்டரியின் புது வண்டி எட்டாம் தேதி வந்தது. வெள்ளி நிறம், கதவு திறந்தால் சின்னதாய் ஒரு பாட்டு. மூன்று நாள் எல்லோருக்கும் பாட்டுப் போட்டுக் காட்டினார். நான்காம் நாள் மாலை வேலை முடிந்து வந்த இளையவள், கட்டிடத்துக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

மூன்றாம் மாடி முன்வரிசை ஜன்னலிலிருந்து ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு எக்ஸ்டென்ஷன் வயர்களைச் சேர்த்து, சேர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. மேகம் வேறு கறுத்திருந்தது.

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்ததும் போய்விட்டது. படியேறி மணியடித்து, மேலே ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னாள். கீழே வந்து வண்டியிலிருந்து வயரைக் கழற்றினாள். கயிறு போலச் சுருட்டினாள். நடுவில் ஒரு முடிச்சுப் போட்டாள். மறுபடி மேலே ஏறினாள்.

இந்தத் தடவை கதவைத் திறந்தது ஆன்ட்டி. சங்கிலி போடவில்லை. பின்னால் செக்ரட்டரி நின்றிருந்தார். சுருட்டிய வயரைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார்.

“வண்டியில எவ்வளவு சார் இருக்கு?”

“பதினாலு சதவீதம்.”

“எங்க அக்காவுக்குப் பதினொண்ணு இருந்துச்சு. நீங்க தேவலை.”

அவர் வயரை வாங்கிக்கொண்டார். “மழையில மோசம்னு எனக்கும் தெரியும்மா. வேற என்ன பண்றது? வேற வழியே கிடையாதா?”

“இருக்கு. அரை நாள் வேலை. உங்க வரிசையில ரெண்டு மாடியை மஞ்சள் லைனுக்கு மாத்திட்டாப் போதும். பத்து வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும். மாத்திட்டுத் திரும்ப அளந்தா, உங்களுக்கு மட்டும் இல்ல, யோசிச்சுட்டு இருக்கற அந்த மூணு பேருக்கும் கிடைக்கும்.”

“இதை ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீங்க கேக்கல சார். விருந்தாளிங்கன்னீங்க.”

ஆன்ட்டி சிரிப்பை மறைக்கச் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி, மாத்திடலாமே. நாளைக்கே ஆளைக் கூப்பிடு.”

“திரும்ப அளக்கணும்னா பொதுக்குழு ஒத்துக்கணும். முதல்ல அளந்தது ஏன் செல்லாதுன்னு எழுத்துல வேணும். சுற்றறிக்கையாவே போட்டுடுங்க. உங்களுக்குக் கை வந்த கலை.”

வெளியே முதல் தூறல் ஜன்னல் கண்ணாடியில் பட்டது. செக்ரட்டரி மேஜைக்குப் போய் உட்கார்ந்து தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். ‘சுற்றறிக்கை எண் 45’ என்று எழுதினார். தேதி போட்டார். ‘பொருள்’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு இழுத்தார். ஸ்கேல் வைத்து, மெதுவாக, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து இழுத்தார். அதற்குமேல் பேனா நகரவில்லை.

“என்னன்னு எழுதறது?” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நடந்ததை எழுதுங்க,” என்றார் ஆன்ட்டி சமையலறையிலிருந்து. “ஏசியில ஆரம்பிங்க. ஒத்தைத் துண்டையும் விட்டுடாதீங்க.”

“நீ நாளைக்கு வாயேம்மா,” என்றார் செக்ரட்டரி இளையவளிடம். “யோசிச்சு எழுதி வைக்கறேன்.”

“எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல சார்,” என்ற இளையவள், யாரும் சொல்லாமலே அந்தப் பழுப்பு சோபாவில் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே ஆன்ட்டி டீக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.